எதிரணிக் கேப்டனின் சம்மதம்

வாசலில் நின்று டிக்கெட் வாங்கிப் போடுவது சுலபமான வேலை என்று நினைக்கிறார்கள், சார். அப்படியில்லை. ஆளின் முகத்தைப் பார்த்தால் நேரம் போய்விடும். கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். சனிக்கிழமை பின்னல் மில் விட்டதும் ஆல்டன் ஃபால்ஸ் மைதான வாசலுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் பேர் மொத்தமாக வந்து இடிப்பார்கள். அரை மணிக்குள் அத்தனை பேரையும் உள்ளே அனுப்பிவிடுவேன். மூன்று பருவத்தில் என்னைத் தாண்டி ஒரு ஓசி ஆசாமிகூட நுழைந்ததில்லை. எங்கள் கேப்டன் ஸ்லோகமே இதைச் சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயம்தான் உறுத்தும். அந்த வேலையை நான் ஆட்டக்காரனின் உடையில் செய்தேன். வெள்ளை ஃப்ளானல் சட்டை, நீலக் காலுறை, அடியில் இரும்புத் தகடு வைத்த ஷூ. எங்கள் கிளப்பில் சம்பளம் வாங்கும் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் பத்துப் பேர். களத்தில் இறங்குவது ஒன்பது பேர். பத்தாவது ஆள் வாசலில் நிற்பான். கதவைச் சாத்தியதும் உள்ளே வந்து பெஞ்சில் உட்காருவான். மட்டைகளைத் துடைப்பான், ஷூக்களைப் பார்த்துக்கொள்வான். அந்தப் பத்தாவது ஆள்தான் நான், ரீஸ் மெரடித். பெண்கள் சிலர் டிக்கெட்டை நீட்டிவிட்டு என் உடையைப் பார்த்து, "இன்னிக்கு நீங்களும் ஆடறீங்களா?" என்பார்கள். "பார்க்கலாம்" என்பேன். மூன்று வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விதி புரிந்தால்தான் உங்களுக்கு மற்றது புரியும். நீங்கள் ஆட்டம் பார்க்கிறவரில்லை என்று தெரிகிறது, அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். ஆட்டம் தொடங்கும்போது இறங்கிய ஒன்பது பேர்தான் முடியும்வரை ஆட வேண்டும். களைத்துப் போனான், சொதப்புகிறான் என்றெல்லாம் ஆளை மாற்ற முடியாது. நோயோ காயமோ வந்து ஒருவனால் முடியாமல் போனால் மட்டும் பத்தாவது ஆள் இறங்கலாம். அதற்கும் எதிரணிக் கேப்டன் நேரில் வந்து பார்த்து, ஆமாம், இவனால் முடியாதுதான் என்று சம்மதிக்க வேண்டும். நன்றாகக் கவனியுங்கள், எதிரணிக் கேப்டன். எங்கள் கெட்டிக்காரன் ஒருவன் நொண்டிக்கொண்டு ஆடினால் யாருக்குக் கொண்டாட்டமோ, அந்த ஆளிடம் போய் நாங்கள் கையேந்த வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் ஒருநாள்கூடப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

நான் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கிறவன். ஆனால் எங்கள் கிளப்பின் கேட்சர் லூக் டூஹி. நானும் அவனும் மிஸஸ் ஹாலக் வீட்டில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். நல்லவன். செத்துப்போனவன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஐரிஷ்காரன்தான், ஆனால் பியர் வாசனைகூட ஆகாது. பதினைந்து வயதில் குடிக்க மாட்டேன் என்று பாதிரியார் முன்னால் சத்தியம் செய்து ஒரு மெடல் வாங்கியிருந்தான். அதைக் கழுத்திலிருந்து கழற்ற மாட்டான். அவனிடம் எனக்கு இருந்தது ஒரே ஒரு குறை. அவனுக்கு ஒன்றுமே ஆகாது. விரல் பிசகினால் தானே இழுத்து நேராக்கிக்கொள்வான். ஒருமுறை பந்து பட்டு முன்பல் இரண்டு போயிற்று. துப்பிவிட்டு, "என்னடா எல்லாரும் கல்யாண ஊர்வலம் பாக்கற மாதிரி பாக்கறீங்க? கஸ், நீ அடுத்த பந்தைப் போடு" என்றான். கஸ் வெல்க்கர் எங்கள் அணியில் பந்து எறிகிறவன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதற்குள் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டிருந்தேன். மறுபடி உட்கார வேண்டியதாயிற்று.

வேறு கிளப்புக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். போக முடியாது, சார். ஒவ்வொரு அக்டோபரிலும் எல்லாக் கிளப்புகளும் ஒரு பட்டியல் அனுப்பும். ரிசர்வ் பட்டியல் என்பார்கள். அதில் உன் பேர் இருந்தால் அடுத்த வருடமும் நீ இந்தக் கிளப்பின் ஆள். வேறு யாரும் உன்னைச் சேர்க்கக் கூடாது. மீறிச் சேர்த்தால் அந்தக் கிளப்போடு யாரும் ஆட மாட்டார்கள். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்றாம் வருடம் முதல்முறையாக என் பேர் அதில் வந்தபோது, சிரிக்காதீர்கள், நான் பெருமைப்பட்டேன். என்னை விட மனசில்லாமல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பேப்பரில் வந்ததைக் கத்தரித்து, கிரான்வில் கல்குவாரியில் வேலை செய்யும் அப்பாவுக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. எத்தனை ஆட்டம் ஆடினாய் என்று கேட்டிருந்தார். தீயணைப்புப் படைக்காரர்களோடு சும்மா ஆடிய இரண்டு ஆட்டங்களைத் தவிர ஒன்றுமில்லை. அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.

இரண்டாவது வருடம் பட்டியல் போவதற்கு முன்னால் மிஸ்டர் சேப்பினைப் பார்க்கப் போனேன். மில் முதலாளி, கிளப்பின் தலைவரும் அவர்தான். ஸ்லோகமும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"இந்த வருஷம் என்னை விட்டுடுங்க சார்" என்றேன்.

"விடறதாவது! நீ எங்களுக்கு வேணும்பா."

"எதுக்கு சார்?"

அவர் ஸ்லோகத்தைப் பார்த்தார். ஸ்லோகம் ஜன்னலைப் பார்த்தார். "வேணும்னா வேணும். இதுல என்ன எதுக்கு? போய் வேலையப் பாரு" என்றார் சேப்பின்.

அன்று அங்கிருந்து நடந்து வரும்போது மூச்சு முட்டியது. யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. வேளைக்குச் சாப்பாடு, மெத்தை, சுத்தமான உடை எல்லாம் கொடுத்தார்கள். ஆட மட்டும் விடவில்லை, போகவும் விடவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. ஒரு கேட்சரின் கை முப்பது வயதுக்கு மேல் தாங்காது. நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஜனங்கள் பார்க்க, பேப்பர்காரன் எழுத, சரியான ஆட்டம் ஒன்று. என்னால் முடியும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் அவர்களே சொல்வார்கள் என்று நம்பினேன்.

அறையிலேயே டூஹியை ஏதாவது செய்திருக்கலாமே, ஏன் களத்தில் என்று ஸ்லோகம் என்னிடம் கேட்டார். அவருக்கே பதில் தெரியும். ஆட்டத்துக்கு முன்னால் டூஹிக்கு ஏதாவது ஆனால் ஒரு தந்தி போதும், மறுநாள் ரயிலில் வேறு கேட்சர் வந்து இறங்கிவிடுவான். ஆட்டத்தின் நடுவில் ஆனால் தந்தி உதவாது. பெஞ்சில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

முதலில் செய்தது மிகச் சின்னது. ஜூன் மாதம் கிரேஸ்பரி அணி வந்திருந்தது. ஷூக்கள் என் பொறுப்பு என்று சொன்னேன் அல்லவா, டூஹியின் வலது ஷூவில் குதிகால் தகட்டின் திருகுகள் இரண்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். மூன்றாவது இன்னிங்ஸில் தகடு நழுவி கணுக்கால் மடங்கியது. ஸ்லோகம் எதிரணிக் கேப்டனைக் கூப்பிட்டார். பெல்னாப் என்று பேர், செம்பட்டை மீசை, வாயில் எப்போதும் புகையிலை. சாவகாசமாக நடந்து வந்து காலை அமுக்கிப் பார்த்தார்.

"என்னப்பா ஸ்லோகம், கோழிமுட்டை அளவுகூட வீங்கலை, அதுக்குள்ள ஆள் மாத்தறியா? டேய் டூஹி, எழுந்திரு பாக்கலாம்."

டூஹி எழுந்து நின்றான். அவன் எழுந்திருக்கவே கூடாது. வலியில் முகமெல்லாம் வெளுத்திருந்தது, ஆனால் நின்றான்.

"பாரு, நிக்கறான். நிக்கறவன் ஆடட்டும்" என்றார் பெல்னாப். நான் கையுறை மாட்டிக்கொண்டு கோட்டருகே தயாராக நின்றிருந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீ போய் வாசலப் பாத்துக்க. காத்தடிச்சா கதவு தெறந்துக்கும்."

பக்கத்தில் இருந்த ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். டூஹி ஒற்றைக் காலில் ஆறு இன்னிங்ஸ் பிடித்தான். நான் உட்கார்ந்து அவனுடைய மாற்று ஷூவின் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை ஜூலை ஐந்தாம் தேதி. டூஹி இன்னிங்ஸ் நடுவில் குளிர்ந்த தேநீர் குடிப்பான். அந்தப் பாட்டிலை நிரப்புவதும் நான்தான். மருந்துக்கடையில் குழந்தைகளுக்கு வாந்தி எடுக்கக் கொடுக்கும் சிரப் ஒன்று உண்டு, தீங்கில்லாதது. அதைக் கலந்திருந்தேன். ஐந்தாவது இன்னிங்ஸில் அவன் மண்டியிட்டு வாந்தி எடுத்தான். அன்றும் கிரேஸ்பரி அணிதான், அதே பெல்னாப்தான். வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நேத்து ஜூலை நாலு, சுதந்திர தினம். ஊரே வேட்டு விட்டுக் கொண்டாடிச்சு. இன்னிக்கு ஒரு ஐரிஷ்காரன் வாந்தி எடுக்கறான். இதுக்கு டாக்டர் வேற வரணுமா? விதியில நோய்னுதான் இருக்கு ஸ்லோகம், போதைன்னு இல்ல."

"நான் குடிக்கறதில்ல" என்றான் டூஹி. சட்டைக்குள்ளிருந்து மெடலை எடுத்துக் காட்டினான்.

"மெடல் குடிக்கலை, ஒத்துக்கறேன். நீ?"

மைதானமே சிரித்தது. அம்பயரும் சிரித்தார். டூஹி வாயைத் துடைத்துக்கொண்டு போய் மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்றான். மறுநாள் பேப்பரில், சுதந்திர தினத்தைச் சில ஆட்டக்காரர்கள் இரண்டு நாள் கொண்டாடுகிறார்கள் என்று அவன் பேரோடு போட்டிருந்தார்கள். அவன் அம்மா படித்துவிட்டு எழுதிய கடிதம் அந்த வாரமே வந்தது. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு எங்கள் மேஜையில் உட்கார்ந்து பதில் எழுதினான், கிழித்தான், மறுபடி எழுதினான். "இவங்க யாரு நம்பலைன்னாலும் பரவால்ல மாப்ள, அம்மா கேக்கறா பாரு" என்றான். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவன் பேனா முனை வளைந்திருந்தது, போய் நல்லதாக ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன்.

அப்போதுதான் என் தப்பு எனக்குப் புரிந்தது. இரண்டு தடவையும் நான் பாவம் பார்த்திருந்தேன். திருகை முழுக்கக் கழற்றியிருந்தால் கால் ஒடிந்திருக்கும், பெல்னாப் வாயைத் திறந்திருக்க மாட்டார், டூஹிக்கு இந்தக் கெட்ட பேரும் வந்திருக்காது. அரைகுறையாகச் செய்வதில் யாருக்கும் நன்மை இல்லை. எதிரணிக் கேப்டன் ஒருவர் குனிந்து பார்த்தால், கிண்டலடிக்க இடமில்லாதபடி இருக்க வேண்டும். அப்படிப்பட்ட காயம் எது என்று ஆகஸ்ட் முழுக்க யோசித்தேன்.

கேட்சர் மாட்டும் முகமூடியைப் பற்றி உங்களிடம் இருக்கும் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள். இரும்புக் கம்பியால் கூண்டு மாதிரி பின்னியது, ஓரத்தில் தோல் பட்டை. ஆட்டக்காரர்கள் அதை எலிப்பொறி என்பார்கள். முதலில் டூஹிக்கு அதை மாட்ட வெட்கம், ஜனங்கள் கீச் கீச் என்று கத்துவார்கள். பல் போன பிறகுதான் வாங்கினான். கிளப்பில் அது ஒன்றுதான் இருந்தது. காலைப் பயிற்சியில் அதை எனக்குக் கொடுப்பான். கஸ் எறிவான், டூஹி மட்டையைச் சும்மா வீசுவான், நான் பிடிக்க வேண்டும். மட்டை வீசும் நேரத்தில் நான் கண்ணை மூடிவிடுகிறேன் என்பது அவன் அபிப்பிராயம். என் அபிப்பிராயம், காலை வெயில் நேரே முகத்தில் அடித்தது. அவன் விடமாட்டான். "இதை மாட்டிக்க மாப்ள. இதுக்குள்ள ஒண்ணும் வராது. நீ கண்ணை மட்டும் தெறந்து வச்சுக்க, கை தானாப் பிடிக்கும்" என்பான். கஸ்ஸிடமும், இதையெல்லாம் ஸ்லோகம் காதில் போடாதே என்று சொல்லி வைத்திருந்தான். முகமூடி இருந்தால் எனக்கும் கொஞ்சம் நன்றாகத்தான் வந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பூசைக்குப் போயிருந்தான். எங்கள் வெல்ஷ் சபையில் ஆராதனை மதியம் இரண்டு மணிக்கு, அதனால் எனக்கு நேரம் இருந்தது. மில்லிலிருந்து சின்ன அரம் ஒன்று கேட்டு வாங்கி வைத்திருந்தேன். எந்தக் கம்பி என்பதில் எனக்குக் குழப்பமில்லை. கீழே என்றால் பல் போகும். பல் போனால் அவன் துப்பிவிட்டு நிற்பான், அதை ஏற்கனவே பார்த்தாயிற்று. மூக்கு உடைந்தால் பஞ்சு வைத்துக்கொண்டு நிற்பான். ஆகவே வலது கண்ணுக்கு நேராக இருந்த இரண்டு கம்பிகளை, உள்பக்கமாக, மூன்றில் இரண்டு பங்கு அராவினேன். பளபளப்பு தெரியாமல் இருக்க ஷூ மையைத் தடவினேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சபைக்குப் போனேன்.

இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கம்பியைத்தான் தொட்டேன். பந்தை எறிந்தது கஸ், மட்டையை வீசியது கிரேஸ்பரிக்காரன். மட்டையில் பட்டும் படாமலும் பின்னால் தெறிக்கும் பந்து எங்கே போகும் என்று எறிந்தவனுக்கும் தெரியாது, அடித்தவனுக்கும் தெரியாது. ஒரு பருவம் முழுக்க அந்த இடத்தில் படாமலே போயிருக்கலாம்.

திங்கட்கிழமை ஆட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பந்து நெற்றிக் கம்பியில் மோதியது, அது தாங்கிக்கொண்டது. அந்த நாட்கள் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தன. அவன் முகமூடியை இழுத்து மாட்டும்போதெல்லாம் நான் குனிந்து மட்டைகளைத் துடைக்க ஆரம்பிப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை ஆட்டம் இல்லை, நான் படுத்தே கிடந்தேன். டூஹி கட்டிலருகே வந்து நின்றான். "என்ன மாப்ள, மூஞ்சியே சரியில்ல? ஊர்ல அப்பாவுக்கு ஏதாவதா?" என்றான். வயிறு சரியில்லை என்றேன். கீழே போய் மிஸஸ் ஹாலக்கிடம் சொல்லி இஞ்சி போட்ட வெந்நீர் கொண்டுவந்தான். அப்போது சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். சொல்லியிருந்தால் அவன் வேறு முகமூடி வாங்கியிருப்பான், நான் வாசலுக்குப் போயிருப்பேன். அதுதான் நடந்திருக்கும், வேறொன்றும் இல்லை.

வியாழக்கிழமை மறுபடி கிரேஸ்பரி. நாலாவது இன்னிங்ஸில் ஐந்துக்கு மூன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். கஸ் வேகமாக ஒன்று எறிந்தான். மட்டையில் லேசாகத் தொட்டுப் பின்னால் போனது. சத்தம் பெரிதாக இல்லை. டூஹி விழக்கூட இல்லை. களைத்துப் போனவன் உட்காருவது போல மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் கொண்டுபோனான், தொடாமல் அப்படியே வைத்திருந்தான். ஸ்லோகம் ஓடிவந்து பார்த்துவிட்டுத் துண்டு கேட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெல்னாப் முன்போலவே மென்றுகொண்டு வந்தார். "இப்ப என்னடா, தலைவலியா?" என்றபடி குனிந்து துண்டை விலக்கினார். மெல்வது நின்றது. எழுந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "மாத்திக்க ஸ்லோகம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "போப்பா மெரிடன்" என்றார்.

"மெரடித் சார்" என்று திருத்தினேன்.

நான் ஏற்கனவே கையுறைகளை மாட்டியிருந்தேன் என்று ஸ்லோகம் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். அந்த மூன்று ஆட்டங்களிலும் முதல் பந்திலிருந்தே மாட்டித்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, எனக்கு முகமூடி இல்லை. இருந்த ஒன்றும் துண்டோடு சேர்ந்து டூஹியுடன் வண்டியில் போய்விட்டது. கிரேஸ்பரி கேட்சரிடமும் கிடையாது, அவன் பல்லுக்கு ரப்பர் கடித்துக்கொண்டு நிற்கிறவன். ஆகவே வெறும் முகத்தோடு நின்றேன். முதல் பந்து என்னைத் தாண்டிப் போனது. அன்று புழுதி அதிகம். இரண்டாவதுக்குக் காரணம் கஸ், அவன் அழுதுகொண்டே எறிந்தான், அழுகிறவன் எறிந்தால் பந்து எப்படி ஒழுங்காக வரும்? அதற்கப்புறம் மேற்கு வெயில். பதினொரு பந்து என்னைத் தாண்டியதாகப் பேப்பரில் போட்டார்கள். ஒன்பதுதான். ஐந்துக்குப் பதிமூன்று என்று தோற்றோம். ஜனங்கள் என்னைப் பார்த்துக் கத்தவில்லை, எல்லோரும் டூஹியைப் பற்றியே பேசிக்கொண்டு கலைந்தார்கள். சாயங்காலமே ஸ்லோகம் தந்தி அடித்தார். மறுநாள் புதுக் கேட்சர் ரயிலில் வந்து இறங்கினான். நான் வாசலில் நின்று டிக்கெட் வாங்கினேன்.

டூஹி ஆறு நாள் இருந்தான். ஆஸ்பத்திரி வேண்டாம், என் அறை போதும் என்றுவிட்டான். நான்தான் பார்த்துக்கொண்டேன். சூப்பை ஊதி ஊதி ஸ்பூனால் கொடுத்தேன், கட்டு மாற்றினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது, இன்னொரு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது. டாக்டர் வெளியே போய்ப் பேசினார். அன்று மத்தியானம் டூஹி என் கையைத் தேடிப் பிடித்தான்.

"அன்னிக்குக் கண்ணைத் தெறந்து வச்சிருந்தியா மாப்ள?"

"வச்சிருந்தேன்" என்றேன்.

"அப்படிப் போடு" என்றான். கையை இறுக்கினான். அவனுக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம். அடுத்த புதன்கிழமை காலையில் செத்துப்போனான். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன், இடது பக்கம், முன்னால்.

அக்டோபரில் பட்டியல் வந்தது. என் பேர் இல்லை. மூன்று வருடம் காத்திருந்த விடுதலை. உடனே ஐந்து கிளப்புகளுக்கு எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. குளிர்காலம் வந்துவிட்டதால் இருக்கலாம் என்று நினைத்தேன். நவம்பரில் ஸ்லோகம் அந்த முகமூடியை நேராக்கி டூஹியின் அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று தகர வேலைக்காரரிடம் எடுத்துப்போயிருக்கிறார். அந்தப் பெரியவர் கம்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது உடைந்ததில்லை, அராவியது என்று சொல்லிவிட்டார். நல்ல வேலைக்காரர். ஸ்லோகம் அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோது நான் மறுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. நேற்று மிஸ்டர் சேப்பின் இங்கே வந்திருந்தார். சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினார்.

"உன்னை ஒவ்வொரு வருஷமும் கழட்டி விடணும்னுதாண்டா நாங்க சொன்னோம். டூஹிதான் விடலை. ரீஸ் பேரு இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்னு உக்காந்துட்டான். வெளியில அவனை எவனும் எடுக்க மாட்டான், நேரா கல்குவாரிக்குத்தான் போவான், அந்தத் தூசியில அவங்கப்பா இப்ப இருமற மாதிரி இருமியே சாவான்னு சொன்னான். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கினான். கேட்டியா? அவன்டா உன்னை வச்சிருந்தது."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் நன்றி சொன்னேன். அவர் போய்விட்டார்.

அதற்கப்புறம் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். மூன்று வருடமாக என்னைப் பூட்டி வைத்தது கிளப் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டூஹி சும்மா குறுக்கே நின்றவன், ஒரு பாவமும் அறியாதவன், அவனைப் போய்த் தொட்டுவிட்டோமே என்று எனக்குள் ஒரு சஞ்சலம் இருந்துகொண்டே இருந்தது. பெட்டியைத் தூக்கியபோதும் இருந்தது. சேப்பின் சொன்ன பிறகு அது போய்விட்டது. நேற்று நன்றாகச் சாப்பிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். இரண்டு கம்பிகளையும் அராவியது நான்தான். எந்தக் கண்ணுக்கு நேராக என்று தெரிந்தேதான் அராவினேன். தவறான ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.